ஏகாம்பரம் வளைவு

இப்ப லிஃப்டு ஏறி எறங்குற இந்த நெடுந்தாங்கல் நகர்ல, ஒரு காலத்துல எருமைங்க கரை ஏறி எறங்கினு இருந்துச்சாம். அப்ப இது நகர் இல்ல, ஊரு. நாப்பது வீடு, ஒரு களம், ஒரு தாங்கல். தாங்கல்னா சின்ன ஏரி. அந்தத் தண்ணியத்தான் ஊரே குடிச்சிதாம்.

அந்த ஊர்ல பூங்காவனம்னு ஒருத்தி. எங்க தாத்தாவுக்கு அம்மா. வாயும் பெருசு, அவ தூக்குற குடமும் பெருசு. தாங்கலுக்குப் போறதுக்கு ஒரே வழிதானாம். அந்த வழிய பெரிய வீட்டு ஏகாம்பரம் ஒரு நாள் ஏரோட்டி, தன் கொல்லையோட சேத்துக்கினாராம். போய்க் கேட்டா, "வழியா? எங்க இருக்குது, காட்டு"ன்னாராம். உழுதத எப்படிக் காட்டுறது? அன்னையிலேர்ந்து பொம்பளைங்க முள்ளுக்காட்டச் சுத்தித் தண்ணி சுமந்தாங்களாம். பூங்காவனத்துக்கு அப்ப எட்டு மாசம்.

அந்த நேரம் பாத்து சர்வே ஆளு ஒருத்தரு வந்தாராம். "வெள்ளிக்கிழமை ஏரோப்ளேன் வரும். மேலேர்ந்து போட்டோ புடிச்சி, அத வெச்சி மேப்பு போடுவாங்க"ன்னாராம்.

"போட்டோல வழி தெரிஞ்சா?"ன்னு கேட்டாளாம் பூங்காவனம்.

"மேப்புல வழி."

"தெரியலன்னா?"

"கொல்லை."

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் ஆம்பளைங்கள எல்லாம் கூட்டி நிக்க வெச்சாளாம். "வெள்ளையா இருந்தாத்தான் மேலேர்ந்து தெரியுமாம். வேட்டிய அவுருங்க."

"இன்னாது?"

"அவுருங்கன்றேன். இல்லன்னா நாளையிலேர்ந்து குடத்த நீங்க தூக்குங்க."

அவுத்தாங்களாம். முப்பத்தோரு வேட்டி. உழுத நீளத்துக்கும் பொம்பளைங்க வரிசையா விரிச்சி, மூலைக்கு மூலை கல்லு வெச்சாங்களாம். கோவணத்தோட நிக்க வெக்கப்பட்டு ஆம்பளைங்க கழுத்து வரைக்கும் தாங்கல்ல எறங்கிட்டாங்களாம். ஆனா பாரு, நடுவுல ஒரு வேட்டி பத்தல. அந்த எடம் மட்டும் செவப்பா மண்ணு தெரியுது. நடுவுல அறுந்தத வழின்னு எவன் ஒத்துக்குவான்?

மணி ஒம்போதாச்சி, ப்ளேன் வரல. பத்தாச்சி, வரல. தண்ணிக்குள்ள மீனு கடிக்குதாம். அவ புருஷன் கத்துனாராம், "இன்னாமே, இன்னும் எவ்ளோ நேரம்?"

"எட்டு மாசமா நான் சுமக்கல? நில்லுய்யா"ன்னாளாம்.

அப்பத்தான் ஏகாம்பரம் ஓடி வந்தாராம், கஞ்சி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையுமா. "என் கொல்லையில எவடி துணி காயப்போட்டது?" வேட்டிய வாரி எடுக்கக் குனிஞ்சாரு பாரு, தாங்கலுக்கு மேல ப்ளேன் உறுமினு வந்துச்சாம். போட்டோ சங்கதி தெரியாத மனுஷன், குண்டு போடத்தான் வருதுன்னு நெனச்சிக்கினாரு. ஒரே பாய்ச்சல், குப்புற விழுந்து கைய கால நீட்டிட்டாராம். விழுந்த எடம் எது? அந்த ஒரு வேட்டி கொறைஞ்ச எடம். கொஞ்சம் ஓரமா விழுந்தாரு, அவ்ளோதான்.

ப்ளேன் போயிடுச்சி. ஏகாம்பரம் தலையத் தூக்குனாராம். பூங்காவனம் அவரு காதாண்ட குனிஞ்சி, "எழுந்துக்காதீங்க, இன்னொரு தபா வருமாம்"ன்னாளாம். வந்துச்சாம். அதுக்கும் படுத்தே கெடந்தாராம்.

மேப்புல வழி வந்துச்சி. நேராப் போற கோடு, ஒரு எடத்துல மட்டும் ஓரமா ஒதுங்கிப் போவுது.

அப்புறம் கொல்லையெல்லாம் மனையாச்சி, தாங்கல் பாதி தூந்துபோச்சி, வழி தார் ரோடாச்சி. பத்து வருஷம் முன்னாடி வீடு கட்ட வந்த ஒருத்தரு, "இங்க ரோடே கெடையாது"ன்னு குறுக்க சுவரு எழுப்பப் பாத்தாரு. நாங்க சர்வே ஆபீசுக்குப் போயி அந்தப் பழைய போட்டோவத் தேடி எடுத்தாந்தோம். இந்த பிளாக்கு நிக்கிற எடத்துல களம். அந்தப் பக்கம் பூரா நெல்லு. நடுவுல வெள்ளையா ஒரு கோடு, அந்தக் கோட்டுல ஒரு எடத்துல மட்டும் கை கால் மொளைச்சிருக்குது. தாங்கல்ல கறுப்பா முப்பத்தோரு புள்ளி.

அத உத்துப் பாத்த முனிசிபாலிட்டி இன்ஜினியரு கேட்டாரு, "இது இன்னாங்க, வாத்தா?"

"இல்ல சார், எங்க முப்பாட்டனுங்க."

சுவரு வரல. ஆட்டோக்காரங்க இன்னிக்கும் அந்த எடத்துல ஒடிச்சித் திருப்பும்போது ஏகாம்பரம் வளைவுன்னுதான் சொல்றாங்க. வழிய முழுங்கப் பாத்தவரு பேரு நின்னுபோச்சி, பூங்காவனம் பேருல ஒரு சந்துகூட இல்ல. எனக்கு அதுல கோவம்தான். ஆனா தாங்கல் வத்திப்போன இந்த ஊருக்கு, தெனம் காலைல தண்ணி லாரி அவ வழியாத்தான் வருது.