இடது காலுக்கு வேலை இல்லை

— செருப்பு எங்க மச்சான்?

— கால்லதான்.

— வலது கால்ல இருக்கு. இடது செருப்பு அதோ, டீக்கடை வாசல்ல கெடக்கு. அங்கேருந்து வெறுங்கால்ல வந்திருக்க. தார் ரோடு கொதிக்குது, உனக்கு சுடலையா?

— சுட்டா குதிக்க மாட்டேனா காத்தவராயா? கத்தாத. மொதலாளியம்மா கோயில்லேருந்து வர்ற நேரம்.

— அக்கா போன்ல அழுதப்ப நான் நம்பல. சுகரு கால் வரைக்கும் வந்துடுச்சா?

— இடது கால் முட்டிக்குக் கீழ மரக்கட்டை மாதிரி மரத்துப்போச்சு. வலது கால் நல்லாத்தான் இருக்கு. பிரேக்கு, ஆக்சிலேட்டர்ல ஒரு பிசகும் கெடயாது. இந்தக் கிளட்ச்சுதான். மேல கால் இருக்கா, நழுவிடுச்சான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. போன வாரம் சேத்தியாத்தோப்பு பாலத்துல நழுவி, வண்டி குதிச்சு நின்னுடுச்சு. பின்னால கரும்பு டிராக்டர்.

— ஐயையோ. அம்மா என்ன சொன்னாங்க?

— பிளக்குல அழுக்குன்னேன். சரின்னுட்டாங்க. பதினாலு வருசமா வண்டி விசயத்துல நான் சொன்னா சரிதான்.

— வேணாம் மச்சான். வேற வேல பாரு.

— பாக்காமயா இருக்கேன்? எங்க ஊரு குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனில வாட்ச்மேன் வேல கேட்டேன். எட்டு மணி நேரம் நிக்கணுமாம். பொண்ணு வெண்மதி இப்பத்தான் காலேஜு ரெண்டாவது வருசம். ஒரே ஒரு வழிதான் இருக்கு. இந்த அம்பாசிடர வித்துட்டு அம்மா பெரிய வண்டி எடுக்குறாங்க. முந்தாநேத்து பாண்டி ஷோரூம்ல ரெண்டு வண்டிய ஓட்டிப் பாத்தேன். கறுப்பு ஒண்ணு, சில்வர் ஒண்ணு. சில்வர்ல கிளட்ச்சே கெடயாது.

— ஆட்டோமேட்டிக்கா?

— ஆமா. கறுப்ப எடுத்தாங்கன்னா ஒரு மாசத்துல மாட்டிக்குவேன். சில்வர்னா ரிட்டயர் ஆவற வரைக்கும் ஓட்டலாம். ஏன்டா சிரிக்கிற?

— டிரைவருக்கு ஏது மச்சான் ரிட்டயர்மெண்டு?

— வர்றாங்க. ஓடு, அந்தச் செருப்ப எடுத்தா.

— இந்தா சிங்காரம், விபூதி. யாரு இது, செருப்போட ஓடியாறது?

— என் சம்சாரத்தோட தம்பிம்மா. இங்கதான் கீழ வீதியில வேன் ஓட்டுறான்.

— வணக்கம்மா.

— வணக்கம்ப்பா. சிங்காரம், ஷோரூம்லேருந்து ரெண்டு தடவ போன் வந்துடுச்சு. உள்ள சாமிகிட்ட நிம்மதியா நிக்க முடியல. கறுப்பா, சில்வரா? ஓட்டுனவன் நீதான், சொல்லு.

— சில்வரும்மா.

— காரணத்தோட சொல்லு. கறுப்பு நீளம் ஜாஸ்தின்னாங்களே?

— அரை அடி ஜாஸ்திம்மா. மஞ்சக்குப்பம் வீட்டு கேட்டுல திருப்பும்போது தினம் ஒரு கோடு விழும்.

— கேட்ட இடிச்சு அகலமாக்கிக்கலாம். டிக்கி? முந்திரி சாம்பிள் நாலு மூட்டை போகணும்.

— கறுப்புல நாலும் போவும். சில்வர்ல மூணு. நாலாவத முன் சீட்டுல என் பக்கத்துல வச்சுக்குறேன்.

— மூட்டையோட பேசிக்கிட்டே வருவியா? பின் சீட்டு?

— அது... கறுப்புல மெத்தையில உக்காந்த மாதிரிம்மா. பொய் சொல்லக் கூடாது.

— பிக்கப்பு?

— அதுவும் கறுப்புதான். பைபாஸ்ல மூணு லாரிய ஒரே மூச்சுல தாண்டுச்சு.

— நல்ல ஆளுய்யா நீ. எல்லாத்துலயும் கறுப்பு ஜெயிக்குது, நீ சில்வருங்கிற.

— அம்மா, நான் குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. நம்ம ரோட்டுல, நம்ம நெரிசல்ல ஆட்டோமேட்டிக்தான் லாயக்கு. நீ சொல்லு மச்சான்.

— ஆமாம்மா. புவனகிரி வர்றதுக்குள்ள நூறு தடவ கியர் மாத்துறேன். சில்வர்ல அதெல்லாம் இல்ல. குலுக்கல் இல்ல, பாலத்து மேட்டுல நின்னாலும் பின்னால உருளாது. இடது காலுக்கு வேலையே இல்லம்மா.

— வேலையே இல்லையா?

— இல்லவே இல்ல. மடக்கி ஓரமா வச்சுக்கலாம். வலது கால் மட்டும் போதும். அமுக்குனா போவுது, பிரேக்கு போட்டா நிக்குது. ஸ்கூட்டி மாதிரி.

— மச்சான்...

— சும்மாயிருடா. நெசமாத்தாம்மா சொல்றேன். ஸ்கூட்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் ஒரே வாரத்துல கத்துக்கலாம்.

— மச்சான், போதும் வா.

— ஒரே வாரமா சிங்காரம்? நான் இன்னிக்கும் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டியிலதான போறேன்.

— ...அம்மா?

— நீயே ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து கத்துக் குடுத்துடு.

— அம்மா, கறுப்பே எடுத்துடலாம்மா. டிக்கி பெருசு. பிக்கப்பு ஜாஸ்தி. பின் சீட்டு...

— இப்ப ஏன் மாத்துற? அப்ப கறுப்ப நீ ஓட்டுவியா, சொல்லு. ஏன் குனிஞ்சு காலப் பாக்குற? வருத்தப்படாத சிங்காரம். டிரைவர நிறுத்துங்கன்னு என் பையன் எழிலன் ஒரு வருசமா அமெரிக்காலேருந்து போன்ல சண்ட. உனக்குத் தெரியாம ரெண்டு தடவ டிரைவிங் ஸ்கூலுக்குக் கூடப் போனேன். அந்தக் கிளட்ச்சு எனக்கு வரவேயில்ல. அது ஒண்ணாலதான் உன்ன இதுவரைக்கும் நிறுத்தாம வச்சிருந்தேன்.