ஒற்றை நிலையத்துப் பதிவு

நீங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் கொண்டுவந்து தரும் முள்ளங்கி ஊறுகாயை நான் மற்றதோடு கலக்காமல் தனியாகத்தான் வைத்திருப்பேன், நோபுஎ-சான். கடை ஊறுகாயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். உங்கள் கையில் உப்பு அளவாக விழும். உங்கள் வீட்டுக்காரர் முராகோஷி-சானும் அதைத்தான் சொல்வார். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் இரண்டு துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "வீட்ல சண்டைன்னா இதுல உப்பு ஏறிடும்டா. இன்னிக்கு சரியா இருக்கு, பாரு" என்பார்.

இந்த முறை ஊறுகாயோடு ஒரு வேண்டுகோளும் கொண்டுவந்திருக்கிறீர்கள். வசந்தத்தில் உங்கள் மகள் மினோரிக்குக் கல்யாணம். மணமேடைவரை கைபிடித்து அழைத்துப் போக அப்பா இல்லாததால் அந்த இடத்தில் நான் நடக்க வேண்டும் என்கிறீர்கள். "அவ வேற யாரையும் கேக்கல, தகுபோ-சான். அப்பாவோட கடைசிவரைக்கும் இருந்தது மாமாதானேங்கறா" என்றீர்கள். பிள்ளை சொன்னது சரிதான். எவ்வளவு சரி என்பது அவளுக்குத் தெரியாது. நான் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒருவருடைய இடத்தில் போய் நிற்பதற்கு முன் அவருடைய வீட்டாரிடம் சிலவற்றைச் சொல்லிவிடுவது மரியாதை. தேநீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் வேலையைப் பற்றி அவர் வீட்டில் அதிகம் பேசியிருக்க மாட்டார். இந்த நாட்டில் தரை ஆடாத நாள் கிடையாது. மலைகளில் ஆங்காங்கே வைத்த கருவிகள் அனுப்பும் கோடுகளை நாங்கள் நிலையத்தில் உட்கார்ந்து பார்ப்போம். எது நிலநடுக்கம், எது கல்குவாரி வெடி, எது லாரி, எது மான் கூட்டம் என்று பிரிப்போம். மிஞ்சியதை எண்ணி, ஊருக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்வோம். எண்ணுவதைவிடத் தள்ளுவதுதான் இதில் அதிகம். தள்ளுவதில் முராகோஷி-சான் கைகாரர். ஒரே ஒரு நிலையத்தில், அதாவது ஒரே ஒரு மலைக்கருவியில் மட்டும் பதிவானதை எண்ணவே கூடாது என்பது அவர் வைத்த விதி. "ஒத்த சாட்சி கோர்ட்லயே நிக்காது, இங்க நிக்குமா?" என்பார். நான் அவருக்கு இரண்டு வருடம் இளையவன். கல்லூரி நாள் முதல் அவர் சொன்னதுதான் எனக்குச் சட்டம்.

ஒகுசாவா சுரங்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. மலையின் வயிற்றுக்குள் குடைந்து, கடைசியில் இருக்கும் சின்ன அறையில் பாறைமேல் சிமெண்ட் மேடை கட்டிக் கருவியை வைத்திருந்தோம். அத்தனை அமைதியான இடம் என்பதால் உள்ளே ஆள் நடந்தாலே கோடு துள்ளும். அதனால் உள்ளே போகிறவர் முதலில் மேடையை மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். மூன்று, மூன்று, ஏழு. பேஸ்பால் மைதானத்தில் நாம் கைதட்டுகிற அதே தாளம். இந்தத் தட்டும் விளையாட்டையும் அவர்தான் ஆரம்பித்து வைத்தார். நிலையத்தில் இருப்பவர் அதைக் கண்டால், 'உள்ளே நம் ஆள், இதை எண்ணாதே' என்று குறித்துத் தள்ளிவிடுவார். எங்கள் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருந்தது. கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க அதை அமுக்கினால், சுரங்கத்துக்குள் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று எரியும். "விளக்கு எரிஞ்சா தகுபோ தூங்கலைன்னு அர்த்தம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது யுனோமாடாவுக்கு வருகிறேன். அந்த வெந்நீர் ஊற்று ஊரில் என் அக்கா ஹாட்சுயோ விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். முராகோஷி-சான் இறந்த வருடம் வசந்தத்தில் ஊருக்கு அடியில் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடங்கின. மிகச் சிறியவை ஒகுசாவாவில் மட்டுமே தெரிந்தன. அவை ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டு மேலே ஏறி வருவதை நான் கண்டேன். மதிப்பீட்டுக் கூட்டத்தில் சொன்னேன். முராகோஷி-சான் எல்லாவற்றையும் தள்ளினார். ஒற்றை நிலையம். விடுமுறை வாரம் வந்துகொண்டிருந்தது, விடுதிக்காரர்கள் சங்கத்திலிருந்து அவருக்குப் போன் மேல் போன். 'பெரிய நிலநடுக்கத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதி, "நீ வாசிடா, உன் மூஞ்சிதான் டிவிக்கு நல்லா இருக்கு" என்று என் கையில் கொடுத்தார். வாசித்தேன்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா, வந்தவங்களை அனுப்பிடட்டுமா? நீ சொன்னா இப்பவே கதவைச் சாத்திடறேன். டிவில சொன்னதை விடு, நீ என்ன நினைக்கற?"

"பயப்பட ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

மனதில் இருந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று பேசுவது எங்கள் வேலையில் கூடாது. விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். விடுமுறை வாரத்தில் யுனோமாடா குலுங்கியது. விடுதியின் மேல்மாடி கீழ்மாடியின்மேல் உட்கார்ந்துகொண்டது. அக்கா கீழே சமையலறையில் இருந்தாள்.

கோடையில் விசாரணை நடந்தது. முராகோஷி-சான் எழுந்து, அறிக்கையின் பொருள் அப்படியல்ல, எச்சரிக்கையாக இருக்கச் சொல்லித்தான் முடிவு செய்தோம், தகுபோ வாசித்தபோது அழுத்தம் மாறிவிட்டது என்றார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் கலைந்ததும் தாழ்வாரத்தில் இயந்திரத்தில் காசு போட்டு ஒரு காப்பி டப்பா எடுத்து என் கையில் வைத்தார். "கொஞ்ச நாளைக்குத் தாங்கிக்கடா. நான் நாற்காலில இருந்தாத்தானே உன்னைக் காப்பாத்த முடியும்." நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். அதை ஏன் குடித்தேன் என்றுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் என் வாசலில் நின்றார்கள். அக்காவின் கணவர் ஆள் அனுப்பி, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு என்னை வர வேண்டாம் என்றார். முராகோஷி-சான் மட்டும் பழையபடியே இருந்தார். ஊறுகாய்த் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். என்னைக் கேலி செய்தார். அவர் என் தலையில் பழியைப் போட்டதைக்கூட நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். அது முடிந்துபோன சங்கதி என்று அவர் நினைத்தாரே, அதுதான் என் வயிற்றை எரித்தது. இருபது வருட நட்பை ஒரு டப்பா காப்பியில் கழுவிவிட்டு, மறுநாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட அவரால் முடிந்தது. நான் அவரை அப்படி நம்பியிருந்தேன், நோபுஎ-சான். என் அக்காவைவிட அவரை நம்பியிருந்தேன்.

இலையுதிர்காலத்தில் ஒகுசாவாவில் மின்கலம் மாற்ற வேண்டியிருந்தது. இருவர் போக வேண்டிய வேலை. விசாரணைக்குப் பிறகு நான் அவரோடு ஒரே வண்டியில் ஏறுவதில்லை. வயிறு சரியில்லை என்றேன். "சரி, நீ சீட்ல உக்காரு. நீ பாத்துக்கிட்டிருந்தா எனக்குப் பயமில்ல. வரும்போது காளான் பறிச்சிட்டு வரேன், கஞ்சி வெச்சு சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் கோட்டில் தாளம் வந்தது. மூன்று, மூன்று, ஏழு. உள்ளே நம் ஆள் என்று குறித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தரை தூக்கிப் போட்டது. நிலையத்தில் அலமாரிகள் சாய்ந்தன. அது எங்கள் கருவிகள் அத்தனையிலும் பதிவானது, அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. மற்ற இரண்டு ஊழியர்களும் கூடுதல் கருவிகளை ஏற்றிக்கொண்டு கீழ் ஊருக்கு ஓடினார்கள். நான் மட்டும் இருந்தேன். மலைச்சரிவு இறங்கிச் சுரங்கத்தின் வாய் மூடிவிட்டது என்று வனத்துறைக்காரர் ஒருவர் சொன்னார்.

பின்னதிர்வுகள் சரமாக வந்துகொண்டிருந்தன. அவற்றின் இடைவெளியில் ஒகுசாவாவின் கோடு மட்டும் துள்ளியது. மூன்று, மூன்று, ஏழு. சற்றுப் பொறுத்து மறுபடி. வேறு எந்த நிலையத்திலும் அது தெரியவில்லை. எங்கள் விதிப்படி அதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொல்லிவிட்டேன். எண்ணாதே என்று அர்த்தம். நான் எண்ணவில்லை. வந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

தீயணைப்புத் தலைவர் போனில் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"சார், மேல மண்ணு இன்னும் சரிஞ்சிக்கிட்டிருக்கு. உள்ள உசிர் இருக்குன்னு ஒரு சின்ன அடையாளம் சொல்லுங்க, இப்பவே பசங்களை ஏத்தறேன். இல்லேன்னா கீழ வீடு புதைஞ்சிருக்கு, அங்க போகணும். உங்க மெஷின்ல ஏதாவது தெரியுதா?"

"மனுஷன் இருக்கற மாதிரி எதுவும் தெரியல" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர்கள் கீழ் ஊருக்குப் போய், புதைந்த வீட்டிலிருந்து ஒரு வயதான தம்பதியை உயிரோடு எடுத்தார்கள். அவர்கள் இன்னும் நன்றாக இருக்கிறார்கள். சந்தையில் பார்த்தால் நானே போய்த் தலை குனிந்து நலம் விசாரிப்பேன். இதையும் நீங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று நான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அந்த இருவர் இல்லை.

மறுநாள் காலையிலும் தட்டிக்கொண்டிருந்தார். கை தளர்ந்துவிட்டது தெரிந்தது. ஏழு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது, பிறகு நான்கு. தாளம் தப்பினால் அவருக்குப் பிடிக்காது, உங்களுக்கே தெரியும். தப்பும்போதெல்லாம் நிறுத்தி, முதல் மூன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்துகூடப் போகவில்லை. அப்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இணைப்பு அறுந்துவிட்டது, அங்கே யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தட்டுகிறாரோ என்னவோ. நான் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

பொத்தானை அமுக்கினேன்.

கோடு அசையாமல் நின்றது. பிறகு மூன்று, மூன்று, ஏழு வந்தது. ஒரு தட்டுகூடக் குறையவில்லை. மைதானத்தில் நம் ஆள் பந்தை அடித்துத் தூக்கியதும் வருமே, அந்த வேகம். அதற்குப் பிறகு ஒகுசாவாவிலிருந்து எதுவும் வரவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பைப் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருந்திருப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு அவர் எதற்குத் தட்ட வேண்டும்?

சரிவு அடங்கியபின் மண்ணை வெட்டி வழி எடுத்தபோது நானும் கூடவே போனேன். உள்ளறை இடியவில்லை. மேடையில் சாய்ந்து, பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பையில் காளான் இருந்தது, போகும் வழியிலேயே பறித்துவிட்டார் போல. அன்று உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டீர்கள். "இல்ல, அந்த நிமிஷமே போயிட்டார்" என்றேன். அது சரியான தகவல் அல்ல. இன்று திருத்திக்கொள்ளுங்கள். காயம் எதுவும் இல்லை. காற்றும் தண்ணீரும்தான் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், முதல் தட்டிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சாகவிட்டேன்.

அழுங்கள், பரவாயில்லை. தேநீர் ஆறிவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன். மினோரியிடம் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். அவள் கேட்டபடி நடக்க நான் தயாராகத்தான் இருக்கிறேன், கல்யாணத்துக்கான கறுப்பு உடைகூடச் சலவைக்குப் போட்டாகிவிட்டது. ஒன்றை மட்டும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. நம்பிய ஆள் கைவிட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்தவன், அதனால் அதை இன்னொருவருக்குச் செய்ய எனக்கு மனம் வராது. நான் விளக்கைப் போட்டேன், நோபுஎ-சான். கடைசிவரை அவர் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தார். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவே இல்லை.