ஒரு தடவைதான் கேட்க வேண்டும்

காபி வேண்டாம் என்றீர்கள், சரி, விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க்காரராக இருந்தால் விட்டிருக்க மாட்டேன் தம்பி. இங்கே முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூன்றாவது தடவைதான் "சரி, அரை கப் போதும்" என்று கை நீளும். கேட்டவுடனே வாங்கிக்கொள்கிறவனைப் பறக்காவெட்டி என்று நினைப்போம். நீங்கள் தலைநகர் மாடிசனிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் லவான் ஸ்கார். வயது அறுபத்தொன்று, கணவரை இழந்தவள். மூச்சு மெஷினுக்கு மாற்றுச் சாமான்கள் அனுப்புகிற கம்பெனியில் பதினோரு வருடம் போனில் வேலை பார்த்தேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு சிபாப் என்று ஒரு மெஷின் தருவார்களே, அதுதான். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் விடிய விடியக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். மெஷின் வருடக்கணக்கில் உழைக்கும். மாஸ்க்கின் ரப்பர் உழைக்காது. முகத்து எண்ணெயில் ஊறி, இறுகி, ஓரம் வெடித்துவிடும். காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். தூக்கத்திலேயே ஆள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒன்று புதிதாகத் தர இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்கிறது. ஆனால் தானாகத் தந்துவிடாது. நாங்கள் போன் செய்து, "இப்ப இருக்கற மாஸ்க்குல ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்க வேண்டும். கிழிந்துவிட்டது, கசிகிறது என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. குறை இல்லை என்றுவிட்டால் ஃபைலை மூடிவிட்டு இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்கலாம்.

குறை சொல்வதைக் கெட்ட வார்த்தை பேசுவதுபோல நினைக்கிற ஜனங்களிடம் இந்தக் கேள்வி. எவன் எழுதினானோ, இந்தப் பக்கத்தில் பிறந்தவன் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னொரு கால் நல்லாத்தான் இருக்கு" என்றார். இதுதான் நாங்கள்.

ஆரம்பத்தில் நான் மூன்று தடவை கேட்டேன். முதலில் விதிப்படி. பிறகு வானிலை பேசிவிட்டு, "காத்து கண்ணுல அடிக்குதா?" என்று. பிறகு போனை வைக்கப்போகிறதுபோலப் போய், "நெஜமாவே ஒண்ணும் வேண்டாமா?" என்று. அப்போதுதான், "நீங்க கேக்கறதால சொல்றேன், லேசாக் கிழிஞ்சிருக்கு" என்று வரும். என் பட்டியலில் எல்லோருக்கும் பார்சல் போனது. எங்கள் மேற்பார்வையாளர் ட்ரூடி, வெளியூர்க்காரி, போன் பதிவுகளைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"லவான், நீங்க நோயாளி வாயில வார்த்தையத் திணிக்கறீங்க. தணிக்கைல மாட்டுவோம். ஒரு தடவைதான் கேக்கணும்."

"ஒரு தடவை கேட்டா இந்த ஊர்ல எவனும் சொல்ல மாட்டான் ட்ரூடி."

"சொல்லலன்னா வேண்டாம்னுதான் அர்த்தம்."

அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை. மறுநாளிலிருந்து ஒரு தடவைதான் கேட்டேன். பாதிப் பேர் குறை இல்லை என்றார்கள், எழுதினேன். மாஸ்க் கசிய ஆரம்பித்ததும் அவர்கள் மெஷின் போடுகிற மணிக்கணக்கு இறங்கியது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மெஷின் தினமும் காலையில் எத்தனை மணி நேரம் ஓடினேன் என்று இன்சூரன்ஸுக்குத் தானே கோள் சொல்லிவிடும். ராத்திரிக்கு நாலு மணி நேரம் வரவில்லை என்றால், நீ பயன்படுத்தவில்லை, ஆகவே உனக்குத் தேவையில்லை என்று கடிதம் வரும். பயன்படுத்த முடியாமல் போனதற்குக் காரணமே அவர்கள் தராத மாஸ்க்தான். இதை எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கடிதம் போய்க்கொண்டேதான் இருந்தது.

இப்போது ஆர்லன் ப்ரெக்கேவுக்கு வருகிறேன். நீங்கள் வந்தது அவருக்காகத்தானே.

என் கணவர் மெர்லும் ஆர்லனும் தீவன மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இருபது வருடம் முன்னால் தானியம் தள்ளுகிற திருகு மெஷின் மெர்லுடைய வலது கையைத் தோளோடு இழுத்துக்கொண்டது. அதன் மேல்மூடி ஒரு மாதமாகக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆர்லனுக்குத் தெரியும், பக்கத்தில் நின்றவர் அவர்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி அவரைக் கேட்டார், மூடியைப் பற்றி யாருக்காவது குறை இருந்ததா என்று. ஆர்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "குறை சொல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றார். அவ்வளவுதான். கவனக்குறைவு மெர்லுடையது என்று முடிவானது, நஷ்டஈடு இல்லை என்றார்கள். மெர்ல் நாலு வருடம் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்துப்போனார்.

ஆர்லன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்லுளிமங்கன். மன்னிப்புக்குப் பதிலாக, மெர்ல் போனதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் விடிகிறதற்குள் வந்து என் வீட்டு வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவார். நான் சொல்லி அவர் வந்ததில்லை. திரையை விலக்கிப் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்புவார். பனியைத் தள்ளினால் கை முளைத்துவிடுமா? பதினாறு குளிர்காலம் அந்தத் தொப்பியைப் பார்த்தேன்.

மில் மூடியபிறகு அவர் பால் டேங்கர் ஓட்டினார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிச் சீஸ் ஆலையில் இறக்குகிற வேலை. மூச்சு அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்து மெஷின் கொடுத்தார். மெஷின் போட்டால்தான் லைசென்ஸ். அந்த மாஸ்க் அவருக்கு வேலையும் உயிரும் என்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. படித்தேன்.

அவர் என் பட்டியலில் தற்செயலாக வரவில்லை. குடும்பப் பெயர் 'பி'யில் தொடங்குகிறவர்கள் வேறொரு பெண்ணுடைய பட்டியல். அவளிடம், எனக்குத் தெரிந்த குடும்பம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டேன். தெரிந்த குடும்பம் என்பது பொய் இல்லையே.

வசந்தத்தில் முதல் போன். விதிப்படி ஒரு தடவை கேட்டேன்.

"அட, லவானா! குறை ஒண்ணும் இல்ல. நீ நல்லாருக்கியா?"

நல்லா இருக்கிறேன் என்றேன். எழுதினேன். கை சுளுவாகப் போனது.

கோடையில் இரண்டாவது போன். "ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு, ஆனா டேப் போட்டு ஒட்டிட்டேன், ஜம்முனு இருக்கு" என்றார், ஏதோ சாதனைபோல. கிழிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, ஒட்டிவிட்டேன் என்றுதான் சொன்னார். நோயாளி சொன்னதை மட்டும் எழுதுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு விதியில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். "நல்லது ஆர்லன். ரொம்பக் கஷ்டத்துல இருக்கறவங்க நெறையப் பேர் காத்துட்டு இருக்காங்க."

எங்கள் ஊர் ஆளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியாது. உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால், தலை தனியாகக் கிடந்தாலும் ஒரு ஆஸ்பிரின் கேட்க மாட்டான்.

"ஐயோ, மொதல்ல அவங்களுக்குக் குடு" என்றார். குரலில் பதற்றம்.

இலையுதிர் காலத்தில் மூன்றாவது போன். இந்த முறை நான் கேள்வியைக் கேட்பதற்குள்ளேயே, "எனக்கு ஒண்ணும் வேண்டாம் லவான், மத்தவங்களப் பாரு" என்று சொல்லிவிட்டார். பேச்சுக்கு நடுவே கொட்டாவி விட்டார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி எங்கே விட்டோம் என்று தேடினார். தூக்கம் இல்லாத மனுஷனின் பேச்சு அது, பதினோரு வருடம் கேட்டவளுக்குத் தெரியாதா. அவருடைய மணிக்கணக்கும் என் திரையில் இருந்தது. ஐந்தரை, நாலு, மூன்று, ஒன்றரை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நான் பொய் எழுதவில்லை, தடுக்கவில்லை, மிரட்டவில்லை. ட்ரூடி சொன்னபடி ஒரே ஒரு தடவை கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே பார்சல் போயிருக்கும். என் வீட்டுக்காரருக்காகத் திறக்காத வாயைத் தனக்காகவாவது திறக்கட்டுமே என்றுதான் இருந்தேன். அதில் என்ன தப்பு?

டிசம்பர் கடைசியில் இன்சூரன்ஸ் கடிதம் அவருக்குப் போனது. ஜனவரிக்குள் மணிக்கணக்கு ஏறாவிட்டால் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று. பிப்ரவரி மூன்றாம் தேதி, காலை பத்து மணி, நல்ல வெயில், ரோட்டில் ஐஸ்கூட இல்லை. டேங்கர் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துக்குக் கீழே விழுந்தது. பிரேக் போட்ட தடயமே இல்லை என்றார் ஷெரீஃப். ஓடை சாயங்காலம்வரை வெளுத்து ஓடியது.

சாவுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. சர்ச் கீழ்த்தளத்தில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்த, உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட தட்டு எட்டோ ஒன்பதோ இருந்தது, என்னுடையதும் ஒன்று. அவர் மனைவி வெர்னா எல்லோரையும் தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னப் பத்தி அடிக்கடி சொல்லுவாரு லவான். எவ்வளவு நடந்தும் அவதான் போன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேக்கறான்னு. அவருக்கு அது பெரிய ஆறுதல்."

நான் தலையை ஆட்டினேன்.

"கடைசி வாரம் பூரா ஒரு பார்சல் வரும் வரும்னு தபால் பெட்டியப் போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. என்ன பார்சல்னு கேட்டா சிரிப்பாரு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது வெர்னா என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

நீங்கள் அந்தக் கடைசி போன் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், அந்தப் பை அப்படி உப்பிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் நானாகச் சொன்னேன் என்று இருக்கட்டும். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி அவரே போன் செய்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"லவான், உன்னத் தொந்தரவு பண்றேன். மாஸ்க் கிழிஞ்சிடுச்சு. டேப் நிக்க மாட்டேங்குது. ராத்திரி பூரா முழிச்சு முழிச்சுப் பாக்கறேன். நேத்து வண்டியில கண்ணு சொருகிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணு அனுப்ப முடியுமா?"

அறுபத்தாறு வயசில் அந்த மனுஷர் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டார். நான் சும்மா இருப்பதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்போல. கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"மெர்ல் விஷயத்துல அன்னிக்கே நான் வாயத் தொறந்திருக்கணும். அந்த மூடி ஆடினது எனக்குத் தெரியும். தப்புப் பண்ணிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்கிட்ட சொல்றதுன்னு இத்தன வருஷம் சும்மா இருந்துட்டேன்."

இருபது வருடமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. முழுசாக, தெளிவாக, என் காதுக்குள்ளேயே வந்துவிட்டது.

"பரவால்ல ஆர்லன், எல்லாம் பழைய கதை. பார்சல் ஒரு வாரத்துல வந்துரும்" என்றேன்.

போனை வைத்தேன். தேதியைப் போட்டேன். குறையை எழுதுகிற கட்டத்துக்குள், நோயாளிக்குக் குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.