சட்டை போடாத வைரஸ்

"அது சட்டையே போடாது மாமா!" என்று முன்சீட்டு இளைஞன் சொன்னதும், விக்கிரமசிங்கபுரத்தில் ஏறியதிலிருந்து என்னைப் பிடித்திருந்த தூக்கம் ஓடிவிட்டது. அவன் பக்கத்தில் ரொட்டிக்கடை அண்ணாச்சி ஒருவர். அவர் மகளை இவன் பெண் கேட்கிறான், என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று அவர் விசாரித்திருக்கிறார். அம்பாசமுத்திரம் வருவதற்குள் இது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"எது போடாது?"

"ஈஸ்ட்டுக்குள்ள இருக்குத ஒரு வைரஸ். மத்த வைரசுக்குப் புரதத்துல கூடு இருக்கும். இது வெறும் ஆர்.என்.ஏ."

"என் மாவுல போடுத ஈஸ்ட்டுலயா? பைய பேசும்வே, யாவாரம் கெட்டுரும்!"

"தின்னா ஒண்ணும் செய்யாது மாமா. ஈஸ்ட்டையே ஒண்ணும் செய்யாது."

"கூடு இல்லாம எப்படிப் பிழைக்கும்?"

"வெளிய வந்தாத்தானே கூடு வேணும்? அது வெளியவே வராது. செல்லு பிரியும்போது தாய்கிட்டயிருந்து மகளுக்குப் போயிரும். தலைமுறை தலைமுறையா உள்ளயே இருந்துக்கிடும்."

"சாப்பாடு?"

"எல்லாம் செல்லோட செலவுதான். செல்லு பட்டினி கெடந்தா இது இன்னும் பெருகும்."

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேரன்மாதேவியில்தான் மறுபடி இவன் பக்கம் திரும்பினார்.

"என் மூத்த மருமவனும் இப்படித்தான்வே வீட்டோட இருக்கான். மேலுக்குச் சட்டை கிடையாது. வாசப்படி தாண்டுததில்ல. எங்களுக்கு ஒருத்தன் போதும்."

இளைஞன் எழுந்தே நின்றுவிட்டான்.

"மாமா, அது என் பாடம், நான் அப்படியில்ல! நான் பாளையங்கோட்டையில தனி வீடு பாத்து வச்சிருக்கேன்!"

"அதை மொதல்ல சொல்லுததுக்கு என்ன? உக்காரும்வே, விழுந்துராதேயும்."