செல்லத்தின் மண்தட்டு

— வாசல்லயே நிண்டு ஏன் அழுறீர், கருப்பாயி? உள்ளுக்கு வாரும். பள்ளிக்கூடம் விட்டாச்சு, ஒருத்தரும் இல்லை.

— வேணாங்க டீச்சரம்மா. ரப்பர் மரம் வெட்டிட்டு நேரா வரேன், மேலெல்லாம் ரப்பர் பால் நாத்தம். லயத்து வீடுகள்ல பேசிக்கிறது ஒங்க காதுல விழணும்ல? எம் மவ செல்லத்துக்குப் பேய் புடிச்சிருக்குங்கிறாங்க.

— ஆர் சொன்னது?

— பூசாரி வீரமுத்துதான். எழுத்த முதுகு திருப்பி எழுதுறாளாம். பேய்தான் அப்பிடி எழுதுமாம். வெள்ளிக்கிழமை கோத்தா திங்கி டவுனுலேர்ந்து உடுக்கைக்காரர வரவழைச்சு ஓட்டணுமாம். அதோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டுன்னுட்டாரு.

— விசர்க் கதை! பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. நான் படிப்பிச்ச இடமெல்லாம் இப்பிடிப் பிள்ளையளைப் பாத்திருக்கிறன். கண்ணாலை பாத்தா எழுத்துப் புரளும், விரலாலை தடவினா நிக்கும். அதுக்குத்தான் அவளிட்ட இருந்து சிலேட்டை வாங்கி வைச்சிட்டு, விரலாலை எழுத மண் பரப்பின தட்டைக் குடுத்தனான். இண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘அம்மா’ எண்டு நேரா எழுதினவள், தெரியுமோ?

— எழுதுனாளா? எம் புள்ளையா?

— ஓம். ஒரு எழுத்தும் புரளேல்லை.

— அந்த மண்ணுதாங்க இப்ப வம்பே. அது சுங்கை ஆத்துக் கரையோரத்து மண்ணாம். செத்த புள்ளைங்களப் பொதைக்கிற எடம். வீட்டுக்குள்ள வரக்கூடாத மண்ணு.

— ஐயோ, எனக்குத் தெரியாதே! மண் வேணும் எண்டு பிள்ளையளிட்டச் சொன்னன், விடிய வாசல்ல ஒரு வாளி இருந்தது. ஆர் வைச்சது எண்டு நான் கேக்கேல்லை.

— அவ மண்ணோட பேசுறாளாமே? ‘அக்கா, இந்தப் பக்கமா வளை’ங்கிறாளாம்.

— அது நானும் கேட்டனான். மெய்யாச் சொல்லுறன், எனக்கும் பயமாத்தான் இருந்தது. அவளுக்கு அக்கா இருக்கிறாளோ?

— இருந்தா. ராசம்மான்னு பேரு. அவளும் இப்பிடித்தான், திருப்பித் திருப்பித்தான் எழுதுவா. ஒங்களுக்கு முந்தி இருந்த வாத்தியாரு, ‘மரமண்டை, புல்லு வெட்டப் போ’ன்னு வெரட்டிட்டாரு. போனா. காய்ச்சல் கண்டு சுருண்டுட்டா. உசுரு போற நேரத்துலயும் பாயில விரலால கிறுக்கிக்கிட்டே கெடந்தா, டீச்சரம்மா.

— இவளுக்கும் அப்பிடி நடக்க விடேலாது, கருப்பாயி. உந்த மண்ணை இப்பவே கொட்டிப்போட்டு வேறை எடுப்பிக்கிறன். செல்லத்தை மட்டும் மறிக்காதையும். இப்ப நிண்டால் இனி ஒருநாளும் வாசிக்க மாட்டாள்.

— அய்யய்யோ, கொட்டிப்புடாதீங்க! அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன். பூசாரிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பெரியவளப் பொதைச்ச குழியோட தலைமாட்டுலேர்ந்து நான்தான் அள்ளியாந்து வச்சேன். தங்கச்சி விரலு மேல படுறப்ப, அவளும் எழுதக் கத்துக்கட்டும்.