மேட்டுத் தெருவுக்குப் பயம் வந்த கதை

வீடு வீடாக ஏறி இறங்குகிறவனுக்கு ஆம்பூரில் தண்ணீர் கேட்கவே வேண்டியதில்லை, தானாக வரும். மேட்டுத் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டில்கூட என்னை வாசலில் நிறுத்திப் பேசியதில்லை. மோர், ரோஜா சர்பத், ஒரு வீட்டில் பிரியாணியே வந்தது. இரண்டு வருடத்தில் என் எடை ஆறு கிலோ கூடியது. என் ஆய்வில் உருப்படியாக வளர்ந்தது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் கிறிஸ்டினா மேடம், "நீங்க படிச்சவரு, நீங்களே எழுதிக் குடுங்க" என்று தாளும் பேனாவும் கொடுத்ததால் இதை எழுதுகிறேன். பெயர் சம்பத், வயது முப்பத்து நான்கு, சொந்த ஊர் திமிரி. குற்றவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். திமிரியில் என் உறவுக்காரர்கள் நான் போலீஸ் வேலைக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வழியாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

என் ஆய்வில் இரண்டு பகுதிகள். திருட்டுக்கு மக்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது ஒன்று. திருடுகிறவர்கள் ஏன் ஒருநாள் அதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு எனக்குக் கிடைத்தவர் தபரேஸ். ஆற்காட்டுக்காரர். பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தொன்பது வரை பூட்டிய வீடுகளில் புகுந்தவர், மூன்று முறை சிறைக்குப் போனவர். பிறகு விட்டுவிட்டார். பன்னிரண்டு வருடமாக ஆம்பூரில் ஒரு சூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை. அவருடைய பழைய கதை மனைவி சைராவைத் தவிர மேட்டுத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒரு வக்கீல் மூலமாக நான் அவரைப் பிடித்தேன். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ராணிப்பேட்ட பக்கம் ஒரு வூடு சார். ஆள் இல்லன்னு நெனச்சிப் பூந்துட்டேன். ஒரு பெரியம்மா கட்டில்ல ஒக்காந்திருந்தாங்க. கத்தல. என்னையே பாத்துனு இருந்தாங்க. அப்புறம் பாத்தா, புடவ நனஞ்சி தரையெல்லாம் ஈரம். எனக்கு இன்னா பண்றதுன்னே தெரில. ஒரு துணி எடுத்துத் தொடச்சி வுட்டுட்டு வந்துட்டேன். அதோட சரி சார்."

எங்கள் துறைப் புத்தகங்களில் கல்யாணம், வேலை, வயது என்று மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நான் அவரிடம், "அப்ப உங்களுக்கு இன்னா வயசு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வயது என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

சிக்கல் முதல் பகுதியில்தான் வந்தது. மேட்டுத் தெருவில் யாரும் எதற்கும் பயப்படவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்குப் போகிற தெரு அது. பேராசிரியர் என் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பயமே இல்லாத தெருவுல பயத்தை அளந்திருக்க. தங்கம் இல்லாத ஊர்ல தராசு தூக்கினு அலைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

தவறான தெருவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். ஆனால் இங்கே சர்பத் நன்றாக இருந்தது.

எந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும், சாவியை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விகள் என் கேள்வித்தாளில் முன்பே இருந்தன. எல்லோரும் பதில் சொல்லியிருந்தார்கள். கையில் டேப்லெட் வைத்திருப்பவனிடம் நம் மக்கள் எதையும் மறைப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, எல்லோரும் கம்பெனிக்குப் போன பிறகு, ஒரு வீட்டில் நுழைந்து மிக்ஸி ஜார் ஒன்றை எடுத்து வந்தேன். பதற்றத்தில் மூடியை விட்டுவிட்டேன். பயம் வரவில்லை. நாத்தனார்தான் எடுத்துப் போய்விட்டாள் என்று அந்த வீட்டுக்காரம்மா ஒரு வாரம் சண்டை போட்டார். அதை அளக்க என்னிடம் கேள்வி இல்லை.

பிறகு கற்றுக்கொண்டேன். செல்போன், வெள்ளிக் கொலுசு, ஒரு ஜோடிக் கம்மல். நான்கு மாதத்தில் பதினோரு வீடுகள். இரண்டாம் சுற்றுக் கேள்விகளோடு போனபோது, ஐந்துக்கு ஒன்றேகாலாக இருந்த பயம் நான்கைத் தாண்டியிருந்தது. புதுப் பூட்டுகள் தொங்கின. இரண்டு பெண்களைக் கம்பெனி வேலையிலிருந்தே நிறுத்தி வீட்டில் வைத்திருந்தார்கள். வெளியாள் யாரையும் உள்ளே விடவில்லை. என்னை மட்டும் விட்டார்கள். பேராசிரியர் என் தோளில் தட்டினார்.

ஒரு புதன்கிழமை அம்பரீன் என்ற அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கம்மலைப் பறிகொடுத்தவர் அவர்தான்.

"சார், நீங்க படிச்சவங்கோ. யாரா இருக்கும்?"

"பழைய ஆளு யாராவது தெருவுல இருக்கலாம்க்கா."

"நம்ம தெருவுலயா?"

"பேரு சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோல் வெட்டுறவராகூட இருக்கலாம்" என்றேன்.

மேட்டுத் தெருவிலிருந்து தோல் வெட்டப் போகிறவர் ஒரே ஒருவர். இருந்தாலும் பெயரைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஏன் சொன்னீர்கள் என்று மேடம் கேட்டார். ஊர் நம்பாமல் போனால், நிறுத்தியவன் மறுபடி தொடங்குவானா என்பது என் இரண்டாம் பகுதியின் முக்கியமான கேள்வி. சும்மா கேட்டால் அதற்குப் பதில் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த தபரேஸைக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். தெருவில் எல்லா மதத்து ஆண்களும் இருந்தார்கள். நான் போய் நின்றபோது நாற்பத்து மூன்று பேர். எண்ணினேன், பழக்கம். தபரேஸின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"சார் வந்துட்டாரு. அவரக் கேளுங்கோ" என்றார்.

கூட்டம் அடிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பியது. சைரா ஓடி வந்து என் முன்னால் நின்றார். "சொல்லுங்க சார். உங்ககிட்ட எல்லாம் சொன்னாரே. அதெல்லாம் எப்பவோ வுட்டுட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"ஆய்வுல சொன்னதை வெளியில சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்றேன்.

கூட்டத்துக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் வேலூரில் ஆஸ்பத்திரியில் தபரேஸ் இறந்தார். அடித்தவர்களில் ஒன்பது பேர் இப்போது உள்ளே இருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் வீட்டில் நான் சர்பத் குடித்திருக்கிறேன்.

அதன் பிறகும் ஏன் திருடினீர்கள் என்று கேட்டால், நான் நிறுத்தினால் திருடியது தபரேஸ்தான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவர் பெயரைக் காப்பாற்ற என்னால் முடிந்தது அதுதான். இன்னும் நான்கு வீடுகள். அதில் கடைசியாக, சைரா வீட்டிலேயே திருட்டுப் போனால் யாருக்கும் சந்தேகம் இருக்காது என்று தோன்றியது.

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார், வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார் என்பது ஆம்பூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு வருடம் அங்கே ஆய்வு செய்த எனக்குத் தோன்றவில்லை. பதினோரு மணிக்கு வீடு பூட்டியிருக்கும் என்று என் கேள்வித்தாளில் இருந்தது, அதை நம்பிப் பின்கதவு வழியாகப் போனேன். அறைக்குள் நான் தபரேஸின் கைக்கடிகாரத்தோடு நிற்க, சைரா வாசற்படியில் வந்து நின்றார்.

"சார், இன்னா பண்றீங்கோ?"

"சர்வேக்கா" என்றேன்.

அவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை இழுத்துத் தாழிட்டுவிட்டு மேடத்துக்குப் போன் செய்தார்.

ஆக, பதினைந்து வீடுகளில் திருடியவன் நான். தபரேஸைக் காட்டிக் கொடுத்தவன் நான். ஒரு வார்த்தையில் காப்பாற்றியிருக்கக் கூடிய இடத்தில் அவரைச் சாகவிட்டவனும் நான். அனுமதி, கையெழுத்து என்று மேலே எழுதியதைப் படித்துவிட்டு மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அவரு உங்களக் காட்டுன நேரத்துல மனசுல இன்னா ஓடுச்சு, அத எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன். திருடியது நான்தான் என்று சொன்னால் அந்தக் கயிற்றால் என்னைக் கட்டுவார்கள் என்று நினைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. முழங்கால் நிற்கவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுபடி அவர்மேல் அடி விழுந்தபோது, இனி யாரும் என்னைத் தேட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

"பயந்துட்டீங்க" என்றார் மேடம்.

அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பயத்தைப் பற்றி ஏழு வருடம் படித்தவன் நான். எனக்கு அது வந்திருந்தால் தெரிந்திருக்கும்.