வாஷிக்கு வைத்த பூசணி ஐஸ்

7.5.2025 புதன்கிழமை மாலை, காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம்.

பெயர் மாரீஸ்வரி, வயது 44, கணவர் பெயர் சுடலைக்கண்ணன், தொழில் வீட்டு வேலை, விலாசம் மும்பை தாராவி, தொண்ணூறடிச் சாலை. என்மேல் நேற்று எழுதப்பட்ட மோதிரத் திருட்டுப் புகார் சம்பந்தமாக நான் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த காவலர் சுரேந்திரன் எழுதிக்கொள்கிறார்.

மாட்டுங்காவில் பாகீரதி அம்மாள் வீட்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாள் ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே கட்டிட வாசலில் கிடக்கும் நான்கு தெருநாய்களுக்கும் மும்பை ரயில் ஸ்டேஷன் பெயர்களை வைத்திருக்கிறார். வடாலா, குர்லா, செம்பூர், வாஷி. இதில் குர்லா தன் பங்கை விழுங்கிவிட்டு அடுத்தவர் பங்குக்கு வருபவன். வாஷி கிழவி, வாயில் பல் இல்லை.

வெயில் காலம் முழுவதும் தினம் மூன்று மணிக்கு இந்த நான்கு பேருக்கும் ஐஸ் உண்டு. வேகவைத்த மஞ்சள் பூசணி, துருவிய கேரட், விதை எடுத்த தர்பூசணி, புளிக்காத தயிர். உப்பும் சர்க்கரையும் கிடையாது. திராட்சை நாய்க்கு ஆகாது என்பதால் அந்தப் பக்கமே வரக்கூடாது. மிக்ஸியில் அடித்தால் நுரைத்துப்போகும், கையால்தான் பிசையவேண்டும் என்பது அம்மாளின் கட்சி. பிசைந்ததைத் துளையில்லாத இட்லித் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்போம். நாலாவது குழிக்குப் பாத்திரத்தின் அடியில் தங்கியது கொஞ்சம்தான் வரும், மெலிதாக உறையும், நக்கித் தின்ன சௌகரியம் என்று அதை வாஷிக்கு வைப்போம். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. இதையும் எழுதச் சொன்னேன்.

நேற்று மதியம் நானும் அம்மாளும் சேர்ந்து பிசைந்தோம். பூசணியும் தயிரும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவை, கை விறைத்துப்போனது. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அம்மாள் விரலில் மோதிரம் இல்லை. அது அவர் முதல் சம்பளத்தில் வாங்கிய தங்க மோதிரம். "மாரி எடுக்க மாட்டாடா" என்று அம்மாள் சொல்லியும் கேட்காமல் அவர் மகன் பத்ரி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று இரண்டு மணிக்கு என்னை இங்கே வரச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் வேலை பார்ப்பது மூன்று வீடு. திருடி என்று ஒரு வீட்டில் பெயர் விழுந்தால் மூன்றும் போய்விடும். அதன் பிறகு காவலர், நேற்று என்ன செய்தாய் என்று கேட்டார். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் பிசைந்தேன் என்று கையால் செய்து காட்டினேன். காட்டும்போதே, நான் வளையலைக் கழற்றினேன், அம்மாள் மோதிரத்தைக் கழற்றவில்லை என்பது ஞாபகம் வந்தது. போன மாதக் காய்ச்சலில் அவர் விரல் மெலிந்திருந்தது. கழன்று விழுந்த மோதிரம் அடியில்தான் போயிருக்கும், அடியில் தங்கியது வாஷியின் குழியில்.

"சார், மணி என்ன?" என்றேன். மூன்றாக ஐந்து நிமிடம். போன் போட்டால் அம்மாள் எடுக்கவில்லை. காவலர் தன் பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற மூன்றும் தின்று முடித்திருந்தன. வாஷி மட்டும் நிழலில் படுத்து நக்கிக்கொண்டிருந்தாள். குர்லா அவளை நோக்கி நடந்துகொண்டிருந்தான். நான் "சார், குர்லாவ பிடிங்க!" என்று கத்தினேன். காவலர் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து குர்லாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். குர்லா அவர் காதை நக்கினான்.

பத்ரி ஐஸைப் பறிக்கக் குனிந்தார். வாஷி உறுமினாள். "தொடாதிய! பயந்தா அப்படியே முழுங்கிருவா. அவ பாட்டுக்கு நக்கட்டும்" என்றேன். அதன் பிறகு நான், அம்மாள், பத்ரி, வாட்ச்மேன் எல்லோரும் பத்து நிமிடம் குனிந்து நின்று ஒரு நாய் ஐஸ் தின்பதைப் பார்த்தோம். பூசணி நிறத்துக்குள் முதலில் பளபளப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அதன் பிறகு பாதி வட்டம். கடைசியில் மோதிரம் தரையில் கிடந்தது. வாஷி அதையும் ஒரு தடவை நக்கிப் பார்த்து, ருசியில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "என் விரலைத் திட்டுடி, என்னைத் திட்டாதே" என்று சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்ரி மன்னிப்புக் கேட்டார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நான் போகவில்லை. "நான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்திய. எடுக்கலன்னும் எழுத்துலயே இருக்கணும்" என்று சொல்லி, நானாகவே இங்கே திரும்பி வந்தேன். பத்ரியும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருக்கிறார். நாளைய ஐஸை என் முன்னால் அவரே பிசைந்துவிட்டு வந்திருப்பதால் நகக்கண்ணில் பூசணி இருக்கிறது. பிசையும் முன் தன் இரண்டு மோதிரத்தையும் கழற்றி என் கையில்தான் கொடுத்தார்.

எழுதியதைக் காவலர் படித்துக் காட்டினார். 'மோதிரம் கிடைத்தது' என்று இருந்ததை, 'வாஷி எடுத்துக் கொடுத்தாள்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். இப்போது இதில் உள்ளது அத்தனையும் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) மாரீஸ்வரி
சாட்சி: (ஒப்பம்) பத்ரி